ஐஸ் கணக்கு

எங்கள் வீட்டில் ஐஸ் வாங்கும் செலவுக்கென்றே தனி நோட்டு ஒன்று இருந்தது. அட்டையில் 555 என்று அச்சிட்ட, சட்டைப் பையில் அடங்கும் நோட்டு. மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். சில்லறைக் கடைகளில் கடன் கணக்கு எழுதுவது அதில்தான். அப்பா அதில் பென்சிலால் தேதி போட்டு, எத்தனை பாளம், எவ்வளவு வெள்ளி என்று எழுதுவார். பாசாரில் மீன் விற்கும் சீனரிடமிருந்து ஒரு நாளைக்கு இரண்டு ஐஸ் பாளம் வரும். வெயில் கூடினால் மூன்று. அந்த ஐஸ் எங்களுக்கு இல்லை, நாய்களுக்கு.

கோலா கங்சாரிலிருந்து சுங்கை சிப்புட் போகும் பழைய சாலையில், ஒரு கித்தாக் காட்டை ஒட்டி முக்கால் ஏக்கர் நிலத்தை வாடகைக்கு எடுத்து, நாங்கள் சைபீரியன் ஹஸ்கி வளர்த்தோம். குட்டி போட வைத்து விற்றோம். 2012 முதல் 2018 வரை அதுதான் எங்கள் தொழில். யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "இந்த வெயில்லயா?" என்பார்கள். அந்தக் கேள்வியை வீட்டுக்குள் நாங்கள் யாரும் கேட்டுக்கொண்டதில்லை.

தாத்தாவும் பாட்டியும் தோட்டத்தில் மரம் வெட்டியவர்கள். தோட்டம் கைமாறி, கித்தா போய்ச் செம்பனை வந்து, லயத்தைக் காலி பண்ணச் சொன்னபோது அப்பாவுக்குப் பதினாறு வயது. அவர் செய்யாத வேலை இல்லை. கடைசியில் ஈப்போவில் நாய்ப்பண்ணை வைத்திருந்த ஒரு தவுக்கேயிடம் பத்து வருடம் இருந்தார். கூண்டு கழுவுவதில் ஆரம்பித்து, பிரசவம் பார்ப்பது வரை அங்கேதான் கற்றுக்கொண்டார். மூன்றாம் பாரத்தைத் தாண்டாத அப்பா, பெட்டை நாய் சேர்ந்த நாளிலிருந்து அறுபத்து மூன்றாம் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பார். பெரும்பாலும் ஒரு நாள் முன்பின்னாகத்தான் குட்டி விழும். தவுக்கே தொழிலை மூடியபோது, தர வேண்டிய சம்பளப் பாக்கிக்குப் பதிலாக ஓர் ஆண் நாயையும் இரண்டு பெட்டை நாய்களையும் கொடுத்தார்.

"காசா குடுத்திருந்தா செலவாயிருக்கும். இது குட்டி போடும்ல" என்று அப்பா அதை லாபமாகவே பேசினார்.

லாபமாகத்தான் இருந்தது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடர் 2011இல் வந்ததிலிருந்து ஓநாய் மாதிரி ஒரு நாய் வாசலில் நிற்க வேண்டும் என்று ஊருக்குள் ஓர் ஆசை கிளம்பியிருந்தது. ஒரு குட்டி 1,500 வெள்ளி. இரண்டு கண்ணும் நீலமாக இருந்தால் 1,800. ஓர் ஈற்றில் ஐந்து குட்டி தங்கினால் அது அப்பா முன்பு வாங்கிய ஆறு மாதச் சம்பளம். வாங்க வருகிறவர்களுக்காக நாய்களுக்கு ஆங்கிலப் பெயர் வைத்திருந்தோம். பாட்டிக்கு அதெல்லாம் வாயில் நுழையாது. ஸ்னோவி வெள்ளச்சி ஆனாள். ஷேடோ கருப்பன் ஆனான்.

அந்த நாய்களின் ஒரு நாள் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். பாட்டி நாலு மணிக்கு எழுந்துவிடுவார். தோட்டத்தை விட்டு இருபத்தைந்து வருடம் கழிந்தும், "பெரட்டுக்குப் போன ஒடம்பு, படுத்தாலும் தூங்காதுடா" என்பார். ஐந்து மணிக்கு நானும் பாட்டியும் நாய்களை இரண்டு இரண்டாகக் கித்தாக் காட்டுக்குள் ஓட்டிப் போவோம். மரம் வெட்டுகிறவர்கள் விடியுமுன் கிளம்புவதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறுவதற்கு முன்புதான் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகமாக இருக்கும், பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் பால் சுண்டிவிடும். ஹஸ்கி ஓடுவதற்கும் அதே நேரம்தான். ஏழரை மணிக்கெல்லாம் நாக்கைத் தொங்கப் போட்டுத் திரும்பி நடக்கும். பாட்டிக்கு அது வேடிக்கையாக இருந்தது. "எனக்கு வயசு காலத்துல மறுபடி நெரை குடுத்துட்டாண்டா ஒங்கப்பன்" என்று சிரிப்பார்.

பத்து மணிக்கு மேல் எல்லாம் சிமெண்டுத் தரையில் வயிற்றை அப்பிக்கொண்டு படுத்துவிடும். பிளாஸ்டிக் தொட்டியில் ஐஸ் பாளத்தைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைப்போம். கருப்பன் முன்னங்கால்களைத் தொட்டிக்குள் விட்டு நின்றபடியே தூங்குவான். வருகிறவர்கள் எல்லாரும், "முடிய ஒட்ட வெட்டிவிட்டா என்ன?" என்று கேட்பார்கள். வெட்டக் கூடாது. அதற்கு இரண்டு அடுக்கு முடி. உள்ளே கம்பளி மாதிரி, வெளியே நீளமாக. வெளி முடி வெயில் தோலில் படாமல் மறைக்கும். வெட்டினால் தோல் பொசுங்கும், முடியும் ஒழுங்காகத் திரும்ப வளராது. உள்முடி உதிரும் மாதங்களில் கித்தாக் காடு முழுக்க வெள்ளைப் பஞ்சு பறக்கும். மைனாக்கள் கூடு கட்டப் பொறுக்கிப் போகும்.

சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்க்காரப் பெரியவர் இருந்தார். ஹஸ்கி குரைப்பதைவிட ஊளையிடுவதுதான் அதிகம். சூராவில் மாலை பாங்கு சொல்லும்போது சேர்ந்து ஊளையிட்டால் நன்றாக இருக்காது என்று, அதற்கு ஐந்து நிமிடம் முன்பே அப்பா சாப்பாட்டுத் தட்டுகளை வைத்துவிடுவார். தின்கிற நாய் ஊளையிடாது. அந்தப் பெரியவர் நாய்களுக்குப் பக்கத்தில் வரமாட்டார். ஆனால் வேலிக்கு வெளியே மோட்டாரை நிறுத்தி, "கெசியான், பானாஸ்" என்பார். பாவம், சூடு என்று அர்த்தம். இவ்வளவு வருடத்தில் அந்த நாய்களைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான விமர்சனம் அந்த இரண்டு சொற்கள்தான்.

"பழகிடும்" என்பது அப்பாவின் சொல். "கித்தா மரம் இந்த ஊருதா? நம்ம இந்த ஊரா? பழகலையா?" என்பார்.

கோலா கங்சாரில் இருந்துகொண்டு அதை மறுப்பது கடினம். பிரேசிலிலிருந்து கியூ தோட்டம், சிங்கப்பூர் வழியாக வந்த கித்தாக் கன்றுகளில் சிலவற்றை ஹியூ லோ 1877இல் நட்டது இந்த ஊரில்தான். அவற்றில் ஒன்று மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் எங்களை வரிசையாகக் கூட்டிப் போய்க் காட்டினார்கள். அந்த மரத்துக்குப் பின்னால்தான் எங்கள் ஆட்கள் கப்பல் ஏறி வந்தார்கள். ஆனால் அப்பாவின் வாதத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அமேசான் காடும் இதே மாதிரி சூடும் ஈரமும்தான். நம்மவர்கள் வந்ததோ இதைவிடக் கொளுத்துகிற ஊர்களிலிருந்து. ஹஸ்கி சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த நாய். 1925 தொடக்கத்தில் அலாஸ்காவின் நோம் நகரத்துக்குத் தொண்டை அடைப்பான் மருந்தை நாய் வண்டிகளில் கொண்டு போய்ச் சேர்த்தார்கள். அந்த ஓட்டத்தில் பெயர் வாங்கிய டோகோவும் பால்டோவும் இந்த இனம். அந்த உடம்பு பழகிக்கொண்டது குளிருக்கு.

2015 இறுதியில் எஸ்பிஎம் எழுதி முடித்தேன். மெட்ரிகுலேஷன் தொடங்கும் வரை ஐந்து மாதம் சும்மா. நம் நாட்டில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. ஆனால் 2016இன் அந்த மாதங்களை நான் கோடை என்றுதான் நினைவில் வைத்திருக்கிறேன். எல் நினோ வருடம். ஏப்ரலில் பெர்லிஸிலும் கெடாவின் சில பகுதிகளிலும் வெயிலுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். கித்தா இலை உதிர்கிற காலமும் அதை ஒட்டித்தான் வரும். வருடம் முழுக்க நிழல் தரும் காடு, சரியாக வெயில் கொளுத்தும்போது மொட்டையாக நிற்கும். தோட்டத்துக் காலத்தில் அது பால் குறைந்து சம்பளம் குறையும் மாதம் என்பார் பாட்டி. ஐஸ் நோட்டில் அந்த மார்ச் முழுக்க ஒரு நாளைக்கு நான்கு பாளம் என்று இருக்கிறது.

குட்டி போட்ட நாய்களுக்காக ஓர் அறை கட்டியிருந்தோம். செங்கல் சுவர், தகரக் கூரை, பிளைவுட் சீலிங், பழைய ஒன்றரை எச்.பி. ஏர்கான். குளிர் வெளியே போகக் கூடாது என்று இரண்டு ஜன்னலையும் பலகை வைத்து அடைத்து, இடுக்கெல்லாம் சிலிக்கான் பூசியது நான்தான். அப்பா சுவரைத் தட்டிப் பார்த்து, "எஞ்சினியர் வேல மாதிரி இருக்குடா" என்றார். எனக்கு அது பெரிய பட்டமாக இருந்தது.

மார்ச் மாதம் வெள்ளச்சி அந்த அறையில் ஐந்து குட்டி போட்டாள். ஒன்று இரண்டாம் நாளே செத்தது. ஏப்ரல் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவும் அம்மாவும் சுங்கை சிப்புட்டில் ஒரு கல்யாணத்துக்குச் சொந்தக்காரர் காடியில் போனார்கள். வேன் வீட்டில் நின்றது. எனக்கு லைசென்ஸ் கிடைத்து மூன்று வாரம். அப்பா போகும்போது, "மத்தியானம் வெளிய போகாத தம்பி" என்று மட்டும் சொன்னார்.

நான் போனேன். சான்றிதழ்களை ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்று பாட்டியிடம் சொல்லிவிட்டு மோட்டாரில் பட்டணத்துக்குப் போனேன். ஜெராக்ஸ் பத்து நிமிடத்தில் முடிந்தது. கூட்டாளிகள் ஆற்றோரத்தில் செண்டோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் ரிசல்ட் வந்திருந்த நேரம். யாருக்கு எந்த மெட்ரிக், யார் ஆறாம் பாரம் என்று பேச்சு நீண்டது. போன் சைலண்டில் இருந்தது. நாலே காலுக்கு எடுத்துப் பார்த்தபோது வீட்டு நம்பரிலிருந்து ஒன்பது மிஸ்ட் கால்.

இரண்டு மணி வாக்கில் கரண்ட் போயிருக்கிறது. ஏர்கான் நின்றது பாட்டிக்கு உடனே தெரியவில்லை. அந்த அறைக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். தெரிந்தபோது கதவைத் திறந்து, குட்டிகளைப் பாவாடையில் அள்ளி வெளியே கொண்டு வந்துவிட்டார். வெள்ளச்சி எழவில்லை. இருபத்திரண்டு கிலோ. எழுபத்து நாலு வயது மனுஷி எப்படித் தூக்குவார்? கீழே சாக்கைப் போட்டுக் கொஞ்ச தூரம் இழுத்திருக்கிறார். ஐஸ் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றியிருக்கிறார். நான் வந்தபோது அவள் வாசல்படியில் பாதி உள்ளே, பாதி வெளியே கிடந்தாள். ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது. தூக்கி வேனில் போட்டு, ஏர்கானை முழுக்க வைத்து ஓட்டினேன். மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

வேன் வாசலில்தான் நின்றது. சாவி ஆணியில் தொங்கியது. நான் வீட்டில் இருந்திருந்தால் அவளைத் தூக்கி வேனில் வைத்து எஞ்சினை ஓட விட்டிருப்பேன். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று வெகுநாள் நினைத்தேன். கித்தாக் காட்டு ஓரத்தில் குழி வெட்டினார். பாட்டி சூடம் ஏற்றினார். "நீ இருந்தா மட்டும் கரண்டக் கொண்டாந்திருப்பியா, விடுய்யா" என்றார். அது உண்மை இல்லை என்று பாட்டிக்கும் தெரியும்.

நாலு குட்டிக்கும் அப்போது ஐந்து வாரம். கஞ்சியில் கோழியை அரைத்துக் கலந்து, பால் பவுடர் கரைத்து, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுத்தேன். நாலும் தேறின. மே மாதம் விளம்பரம் போட்டோம். ஈப்போவிலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி, "தாயைப் பார்க்கலாமா?" என்று கேட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அது. அப்பா என்னைப் பார்த்தார். நான், "அது வேற எடத்துல இருக்கு" என்றேன். அவர்கள் 1,500 வெள்ளியை எண்ணிக் கொடுத்தார்கள். மூன்று குட்டிகள் போயின. ஒன்றுக்குப் பின்னங்கால் கொஞ்சம் இழுக்கும், அதை யாரும் கேட்கவில்லை. 4,500 வெள்ளியில் எனக்கு ஒரு லாப்டாப் வாங்கினோம். மீதியை அப்பா என் படிப்புக்கென்று எடுத்து வைத்தார். நாய்த்தொழில் அதற்குப் பிறகும் இரண்டு வருடம் நடந்தது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அதே ஏப்ரல் மாதம்தான் இந்தியாவில், விற்பனைக்காகக் குட்டி போட வைக்க வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்யக் கூடாது என்று அறிவித்தார்கள். இது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று அந்த மண்ணின் வெயிலுக்கே உருவான நாய்கள் இருக்கும் தமிழ்நாட்டிலும் ஏர்கான் அறையில் ஹஸ்கி வளர்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2017இல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நடிகர் பீட்டர் டிங்க்லேஜே, தொடரைப் பார்த்துவிட்டு ஹஸ்கி வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். வாங்கியவர்கள் கைவிடுவது அந்த அளவுக்கு இருந்தது.

எங்களுக்கும் போன் வர ஆரம்பித்தது. "அண்ணே, திரும்ப எடுத்துக்குறீங்களா?" முடி கொட்டுகிறது, தோட்டத்தைத் தோண்டுகிறது, ஊளையிடுகிறது, கரண்ட் பில் கட்டுப்படியாகவில்லை. அப்பா மூன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டார், காசு கேட்காமல். 2018இல் பதினொரு நாய் இருந்தது, வாங்க ஆள் இல்லை. எல்லாவற்றுக்கும் கர்ப்பத்தடை ஆபரேஷன் செய்தார். இருந்த சேமிப்பு அதில் போயிற்று. கேமரன் மலைப் பக்கம் தோட்டம் வைத்திருந்த இரண்டு குடும்பங்கள் ஐந்து நாய்களை எடுத்துக்கொண்டன. கருப்பன் மறு வருடம் வயதாகிச் செத்தான். அப்பா லோரி ஓட்டப் போனார்.

நான் நிபோங் தெபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் மெக்கானிக்கல் படித்தேன். மூன்றாம் ஆண்டில் குளிர்பதனப் பாடம். காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துக் காட்டும் வரைபடம் ஒன்று உண்டு. விரிவுரையாளர் அதைச் சுவரில் போட்டு, ஈரம் ஆவியாவதால் எவ்வளவு குளிர்விக்க முடியும் என்று விளக்கினார். எனக்குப் பாட்டியின் அடுப்படியில் இருந்த லாபு சாயோங் ஞாபகம் வந்தது. பேராக் ஆற்றுக்கு அக்கரையில் சாயோங்கில் செய்யும் கறுப்பு மண்கூஜா. மண்ணின் நுண்துளை வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாகும், உள்ளே இருப்பது குளிரும். நாய் நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்குவதும் இதே வேலைதான். மனிதனைப் போல உடம்பு முழுக்க வேர்க்காது. நாக்கிலும் வாயிலும் இருக்கும் ஈரம் ஆவியாக வேண்டும். சுற்றியுள்ள காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் ஆவியாகாது. மூடிய அறையில், தாயும் குட்டிகளும் விடும் மூச்சே அந்தக் காற்றை நிறைத்துவிடும்.

அன்று இரவு ஹாஸ்டலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அறையின் அளவு தெரியும். தகரம் எவ்வளவு சூட்டை உள்ளே இறக்கும் என்று போட்டேன். ஜன்னல் அடைக்காமல் இருந்திருந்தால் எப்படி, அடைத்ததால் எப்படி என்று இரண்டு விதமாகவும் போட்டேன். அடைத்த அறை ஒரு மணி நேரத்துக்குள் அடுப்பாகிவிடுகிறது. அந்தக் கணக்கைப் போட்டது அந்த லாப்டாப்பில்தான்.

அதுவரை நான் செண்டோல் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தைத்தான் குற்றமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது குற்றம்தான். ஆனால் அதற்கு முன்பே, ஓர் உயிரை ஒற்றை ஒயரில் தொங்கவிட்டுவிட்டு, ஜன்னலையும் நானே அடைத்திருக்கிறேன். அந்த ஒயர் அறுந்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு அறிவு இல்லாமல் இல்லை, அன்பு இல்லாமலும் இல்லை. குட்டிக்கு வயிற்றுப்போக்கு என்றால் அப்பா இரவெல்லாம் மடியில் வைத்திருப்பார். இருந்தும், அந்த நாய் இந்த ஊரில் இருப்பதே ஒவ்வொரு நாளும் ஒரு இயந்திரத்தின் தயவில்தான் என்பதைத் தினச்செலவு மாதிரி நோட்டில் எழுதிக் கடந்துவிட்டோம்.

கடைசி ஆண்டு விடுமுறையில் ஒருநாள் அப்பாவிடம் சொன்னேன். "நம்ம அந்தத் தொழிலே செஞ்சிருக்கக் கூடாதுப்பா."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "தப்புதான்" என்றார். "லயத்த விட்டு வந்தப்போ எங்கிட்ட என்னா இருந்துச்சு சொல்லு. எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். அதுலதான் நீ படிச்ச. இப்போ படிச்சவன் வந்து தப்புன்னு சொல்ற. சொல்லு, சொல்லணும்தான். அதுக்குத்தான படிக்க வச்சேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

போன மாதம் அத்தை மகன் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு ஹஸ்கிக் குட்டி வேண்டும், உங்களுக்குத்தான் ஆள் தெரியுமே என்று கேட்டார். வேண்டாம் அண்ணே என்றேன். ஏன் என்றார். போனில் சொல்லி முடியாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கால் இழுக்கும் அந்தக் குட்டி இப்போது எங்கள் தாமான் வீட்டில் இருக்கிறது. வெள்ளச்சியின் மகள். பாட்டி உயிரோடு இருந்தவரை அதைச் சின்னாத்தா என்று கூப்பிட்டார், நாங்களும் அப்படியே. கிழவி ஆகிவிட்டாள். பின்கட்டு அறையில் அவளுக்கு ஒரு சின்ன ஏர்கான், பில் என் சம்பளத்தில். அந்த அறையின் ஜன்னலில் ஒரு மின்காந்தம் பொருத்தியிருக்கிறேன். பெரிய கட்டடங்களில் தீத்தடுப்புக் கதவைப் பிடித்து வைக்குமே, அந்த மாதிரி. கரண்ட் இருக்கும்வரை ஜன்னலை மூடிப் பிடித்திருக்கும். கரண்ட் போனால் பிடியை விட்டுவிடும், ஸ்பிரிங் ஜன்னலைத் திறந்துவிடும். ஆள் வேண்டியதில்லை. பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, சாமான் எல்லாம் சேர்த்து நூறு வெள்ளிக்குள்தான்.

ஊருக்கு வரும்போதெல்லாம் மெயின் சுவிட்சை அணைத்துச் சோதித்துப் பார்ப்பேன். டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். சின்னாத்தா தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்ப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள். பிறகு மறுபடி சிமெண்டில் தாடையை வைத்துப் படுத்துக்கொள்வாள்.